ஆயிரத்து எண்பது

மேலப்பாளையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்றால்
காலை ஒன்பதுக்குக் கரண்டு போகும்.
தெரிந்தும் மறந்தேன்.
ஏழரைக்கு அழுத்திவிட்டேன்
சுத்திகரிப்புப் பொத்தானை.

தம்மாமிலிருந்து கப்பலில் வந்த ஓவன்.
நானூற்றெண்பது டிகிரியில்
தன் பிசுக்கைத் தானே எரித்துக்கொள்ளும்.
எரிகிறபோது யாரும் கை வைக்கக் கூடாதென்று
தானே கதவையும் பூட்டிக்கொள்ளும்.

இரண்டு மணிக்குக் கரண்டு வந்தது.
கண்ணாடியில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன்,
தண்ணிப் பானை மாதிரி இருந்தது.
கதவு அசையவில்லை.
திரையில் சின்னதாய் ஒரு பூட்டு.

நாளைக்கு நிக்காஹ் வீட்டுக்குப்
பன்னிரண்டு கிலோ தம்ரூட்டு.

மதுரை சர்வீஸ் சென்டரில் பத்து நாள் என்றார்கள்.
எலக்ட்ரீசியன் சங்கிலிபூதம் வந்து
இரண்டு தட்டுத் தட்டிவிட்டு
'கிரைண்டர் போட்டு அறுத்துருவமாக்கா' என்றான்.
டீ கொடுத்து அனுப்பினேன்.
மல்டிமீட்டரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மெயினை அணைத்து அரைமணி நேரம். பலனில்லை.
மேல் தகட்டில் ஆறு திருகு,
ஒன்று மொட்டை.
சைக்கிள் ட்யூப் துண்டை வைத்து அழுத்தித் திருப்பியதும்
முனகிக்கொண்டு வந்தது.
பூட்டு மோட்டார் நல்லாத்தான் இருக்கிறது.
கொக்கியும் வளையவில்லை.

போனில் மச்சான்,
'அடிச்சுக் கிடிச்சு வைக்காத.'
நோன்புப் பெருநாளுக்கு அப்புறம்
என்னிடம் அவர் பேசிய
முதல் முழு வாக்கியம்.

பின்சுவரில் பென்சில் கனத்துக்கு ஒரு சென்சார்.
ஆறிய அடுப்பில் அது
ஆயிரத்து எண்பது ஓம் காட்ட வேண்டும்.
காட்டியது இரண்டாயிரத்து முந்நூறு.

அதாவது
அடுப்பு ஆறி மத்தியானமே ஆகிவிட்டது,
உள்ளே இன்னும் எரிகிறதென்றே
அது நம்பிக்கொண்டிருக்கிறது.
கெட்ட எண்ணமில்லை அதற்கு.
என் கை சுட்டுவிடக் கூடாதென்றுதான்.

இணைப்பைப் பிடுங்கினேன்.
ஊசியில் பச்சைக் களிம்பு,
நாலு வருசத்து வாய்க்கால் ஈரம்.
புளி எடுக்கப் போன கையை மடக்கி
உப்புத்தாளால் சுரண்டினேன்.
மறுபடி அளந்தால்
ஆயிரத்து நூற்று இருபது.
அந்த நாற்பது அடுப்போடது இல்லை,
சாரல் எட்டிப் பார்க்காத ஆனி வெக்கை.

மெயினைப் போட்டேன்.
கிர்ர்ர்.
டொக்.

உள்ளே ஒரு கைப்பிடிச் சாம்பல்.
எத்தனை கல்யாணத்து நெய்யோ.

'தொறந்துட்டா?'
'ம்.'
அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.
அங்கே ஏசி ஓடுகிற சத்தம் கேட்டது.

சும்மாத்தான்,
மீட்டரின் சிவப்பு முனையை வலது பெருவிரலிலும்
கறுப்பை இடதிலும் அழுத்திப் பிடித்தேன்.
எண் ஏறியது, இறங்கியது,
ஓரிடத்தில் நிற்கவில்லை.

ரவை இன்னும் வறுக்கவில்லை.