கழுவுதொட்டி

இருபத்தாறு வருஷம்
அவள் ஓவியம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை.
தொட்டியைத்தான் பார்த்தேன்.

சஸ்காட்சுவானில், ரயில் நிற்காமல் போகும் ஊர்.
பள்ளிக்கூடத்தின் வடக்கு மூலை, அறை எண் ஒன்பது.
மஞ்சள் பஸ் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு
பனிக்குள் உறுமிப் போன பிறகு
கதவைச் சாத்திக்கொண்டு தனக்காக வரைவாள்
ஒரிசியா ஸ்லிவா.
ஏழு மணிக்கு விளக்கணையும்.
ஏழே காலுக்கு வாளியோடு நான்.

பிள்ளைகளின் சாயம் ஒரே அலசில் போய்விடும்.
அவளுடையது பிடிவாதம்.
செப்டம்பரில், அறுத்த கோதுமைத் தாளின் மங்கல் பொன்.
ஜனவரியில் வெள்ளை.
வெறும் வெள்ளை என்றுதான் நினைத்தேன்.
தேய்க்கத் தேய்க்க உள்ளிருந்து ஊதா,
அதற்கும் கீழே ஒரு பொட்டு ரோஜா நிறம்.
மறுநாள் விடியலில் வயலைப் பார்த்தேன்.
ஆமாம், பனி அப்படித்தான் கிடந்தது.
பிறந்ததிலிருந்து அதை வாரிக் கொட்டுகிறவன் நான்.

ஒருமுறை டொராண்டோவிலிருந்து கடிதம்:
‘வானம் அதிகம், கருத்து குறைவு.’
தூரிகை துடைத்த கறையோடு
குப்பைக்கூடையில் கிடந்தது.
இங்கே வானம் அதிகம்தான்.
அதற்கு யார் என்ன செய்ய?

அவள் கணவன் லாரியோடு
ஆற்றுப்பனி உடைந்து இறங்கிய மார்ச்சில்
தொட்டி நீலமானது.
கறுப்பை ஒட்டிய நீலம்.
என் நகக்கண்ணில் ஏறி
ஞாயிறு தேவாலயம் வரை கூட வந்த நீலம்.
ஏப்ரல், மே, ஜூன்.
சோப்பு இரண்டு பங்கு போட்டேன்.
அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.
பகலில் அதே அறையில்
ஆறாம் வகுப்புக்கு
ஆரஞ்சுப் பழம் வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஓய்வு பெற்ற வருஷம்
நூலகத்தில் மாட்டினார்கள், அறுபத்தொரு படங்கள்.
கல்யாணக் கோட்டு போட்டுக்கொண்டு போனேன்.
முன்பின் பார்த்திராத படங்கள்,
ஆனாலும் ஒவ்வொன்றையும்
அது எந்த வாரத்துப் படம் என்று
என்னால் சொல்ல முடிந்தது.
இரண்டு சுற்று வந்தேன்.

“அந்த நீலம் எங்கே?”

கையில் தட்டு, வாயில் கசகசா ரொட்டி.
மென்று முடிக்கும்வரை
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
“ஒரே பலகைதான், எய்னார்.
ராத்திரி ராத்திரி வரைவேன்,
ஈரம் காயுமுன் குழாயடியில் பிடித்துவிடுவேன்.
அதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.”

பிறகு, மாணவர் யாரிடமும்
அவள் கேட்டிராத குரலில்:
“எப்படி இருந்தது?”

ஓவியம் பற்றி எனக்கு என்ன தெரியும்?
“போக நாளானது” என்றேன்.

தலையசைத்தாள்.
மிச்ச ரொட்டியை இரண்டாகப் பிட்டாள்.
பெரிய துண்டு
என் பக்கம் வந்தது.