மிகைப்பால்

மார்ச் கடைசி நாள். நள்ளிரவுக்கு அரைமணி.
லேர் நகருக்கு வடக்கே
கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கிற புல்வெளிகள்.
ஃப்ராவ்கே வூபெனாவின் முற்றத்தில்
தொட்டிவண்டியை நிறுத்திக் குழாயை மாட்டுகிறேன்.
மீட்டர் ஓடுகிறது.

இந்த மீட்டருக்கு அவள் பயந்திருக்கிறாள்.
மார்ச் வந்தால்
ஒதுக்கீட்டைத் தாண்டிய லிட்டருக்கெல்லாம் தண்டம்.
வாளி வாளியாகக் கன்றுகளுக்கு ஊற்றுவாள்.
"போதும், நிறுத்து" என்பாள் என்னிடம்,
சுரப்பதே நான் என்பதுபோல.

பன்னிரண்டு அடித்தால்
யாரும் கேட்கப்போவதில்லை.

கைவிளக்கை நீட்டி
புதுத் தொழுவத்தின் அஸ்திவாரத்தைக் காட்டுகிறாள்.
அறுபத்தெட்டு இனி இருநூற்று நாற்பது.
கறக்க நான்கு இயந்திரங்கள்,
சாணத்துக்கு ஒரு குளம்,
கடனுக்கு இருபது வருடம்.
குளத்துச் சுவர் மாடி ஜன்னலை மறைக்குமே என்றேன்.
"அந்தப் பக்கம் என்ன இருக்கு,
ஒன்னோவின் கூரைதானே."

ஒன்னோவுக்கு நாற்பத்தொரு மாடு.
ஒருகாலத்தில் அவன்
பால் கறக்கும் உரிமையை விலைகொடுத்து வாங்கினான்,
ஒரு புதுக் கார் விலைக்கு.
இன்றோடு அது வெறுங்காகிதம்.
அந்த ரசீதுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு
கறவைக்கூடத்தில் மாட்டியிருக்கிறான்.
சிரிக்கத்தான் காட்டினான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவனே சிரித்தான்.

பால் பொங்கினால் மங்களம் என்று வளர்ந்தவன் நான்.
இங்கே தொட்டி பொங்கினால்
மூன்று பக்கப் படிவம்.

அடுத்த வருடக் கோடை.
ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த வண்டி
தினமும் வருகிறது.
லிட்டர் இருபத்து மூன்று சென்ட்.
இயந்திரங்கள் இரவெல்லாம் தாமாகக் கறக்கின்றன;
ஃப்ராவ்கே தூங்கலாம்.
தூங்குவதில்லை.
விலை இறங்கினால் இன்னும் கறக்க வேண்டும்,
கறந்தால் விலை இறங்குகிறது,
ஊரெல்லாம் இதே கணக்கு.
"இன்னும் முப்பது சேர்த்தால் சரியாகிவிடும்" என்கிறாள்.
ஒன்னோவின் புல்வெளியைக் குத்தகைக்குக் கேட்டிருக்கிறாளாம்.
அவன் பதில் சொல்லவில்லை.

சீட்டு வருகிறது:
ஏழாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
கையெழுத்துக்கு முன்
பழைய மார்ச் மாதங்களைப் போலவே
அவள் கட்டைவிரல்
அந்த எண்ணின்மேல் ஒரு நொடி நிற்கிறது.

குழாயைச் சுருட்டுகிறேன்.
இந்த மாதம் எனக்கு
முப்பத்தொரு மணிநேரம் ஓவர்டைம்.
அதை அவளிடம் சொல்லவில்லை.