ஓர வரிசை

கள்ளிக்குடிக்குத் தெற்கே
தவசியாண்டியின் ஒண்ணேகால் ஏக்கர் கரிசல்.
நான்கு ரகம், மூன்று தடவை, பன்னிரண்டு பாத்தி.
எந்தப் பாத்தியில் எது என்று
சீட்டு எழுதிக் குலுக்கித்தான் போட்டோம்.
“ஏலச்சீட்டா நடத்துறீக?” என்றார்,
ஆனாலும் குனிந்து ஒரு சீட்டு எடுத்துக் கொடுத்தார்.

அறுபதாம் நாள் உயரம்.
கம்பெனி விதை, எண் நாற்பத்தேழு,
என் முழங்காலைத் தாண்டியிருந்தது.
சம்பா அதைவிட ஒரு சாண் குறைவு.
குண்டு மிளகாய் உட்கார்ந்தே வளர்ந்தது,
கிளம்ப அவசரமில்லாத விருந்தாளி மாதிரி.
நான்காவது, தவசியாண்டி
தூக்குவாளியில் சாம்பல் கலந்து வைத்திருந்த விதை.
பெயர் கேட்டேன்.
“மிளகாதான்” என்றார்.
தாளில் ‘உள்ளூர்’ என்று எழுதிக்கொண்டேன்.

தொண்ணூறாம் நாள் கிளை எண்ணிக்கை.
கவைக்குள் கவையாகப் பிரிந்துபோகிற செடியில்
ஒரு கிளை எங்கே முடிகிறது
என்று எனக்கு இன்றுவரை தெரியாது.
எண்ணினேன். பதினேழு என்று போட்டேன்.
மறுநாள் அதே செடி பத்தொன்பது.

ஒன்பது நாள் மழை, பிறகு இலைப்பேன்.
நாற்பத்தேழின் இலைகள்
ஓரம் மேலெழும்பிப் படகாகச் சுருண்டன.
மருந்தடித்தோம். துளிர்த்தது.
மருந்துச் செலவுக்குத் தனித் தாள்.

ஓர வரிசையை எண்ணக் கூடாது.
ஓரத்துச் செடிக்கு வெயில் அதிகம், காற்று அதிகம்,
ஒரு பக்கம் தோள் இடிக்க ஆளில்லை,
அதனால் கூடுதலாகக் காய்க்கும்.
அது கணக்கில் சேராத விளைச்சல்.
ஆகவே ஓரத்தில் பழுத்ததை
பறிக்க வந்தவர்கள் மடியில் கட்டிக்கொள்ளலாம்.

சீனியம்மாள் நாற்பத்தேழின் ஓரத்தை
நிமிர்ந்தபடியே கடந்து போனாள்.
அத்தனை நீளம், அத்தனை பளபளப்பு, அவள் குனியவில்லை.
சம்பா ஓரத்தில் ஒரு கை.
குண்டு ஓரத்தில் இரண்டு கை.
பெயரில்லாததன் ஓரத்தில்
குத்துக்காலிட்டு உட்கார்ந்தே விட்டாள்.

“அது எதுக்கு?”
“எட்டுப் போடுற கொழம்புக்கு இது மூணு போதும் சார்.
வீட்ல ஒம்பது தலை.”
அடுத்த வாரம் கேட்டபோது வேறு சொன்னாள்:
“காம்பு நோகாம வருது.”
அதற்கடுத்த வாரம்:
“சும்மாதான்.”
மூன்றையும் குறித்துவைத்தேன்,
தாளில் இல்லை,
திருமங்கலம் பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில்.

பழ எடை, பாத்திக்கு:
நாற்பத்தேழு, பதினொரு கிலோ.
உள்ளூர், ஆறே முக்கால்.
களத்தில் பன்னிரண்டு நாள் காய்ந்து
தண்ணீரை வெயிலுக்குக் கொடுத்த பின்
இரண்டே கால், ஒன்றே முக்கால்.
இடைவெளி அரைக் கிலோவாகச் சுருங்கிவிட்டது.
ஆனாலும் நாற்பத்தேழுதான் முதல்.
அதில் பொய்யில்லை, கையெழுத்துப் போட்டேன்.

கமிஷன் கடை தங்கப்பழம்
குண்டு வத்தல் ஒன்றைக் காதருகே ஆட்டினார்.
விதை கலகலத்தது.
நாற்பத்தேழை ஆட்டினார்.
அதனிடம் சொல்ல ஒன்றுமில்லை.
உள்ளூரை ஆட்டவேயில்லை,
நடுவில் உடைத்து முகர்ந்து
கையைத் தூர வைத்துக்கொண்டார்.
என் அட்டவணையில்
சத்தத்துக்கும் தூரத்துக்கும் கட்டமில்லை.

கடைசி நாள் முளைக்குச்சிகளைப் பிடுங்கினேன்.
“எது செயிச்சது?” என்றார் தவசியாண்டி.
சொன்னேன்.
“நல்லது” என்றார், மனசாரத்தான்.
கீதாரியை வரச் சொல்லியிருந்தார், சாயங்காலம் ஆடு இறங்கும்.
நாலாம் பாத்தி ஓரத்தில் மட்டும்
கருவேல முள் சுற்றிக் கட்டிய ஐந்து செடி,
உச்சியில் பழம் கறுஞ்சிவப்பாக வதங்கி நின்றது.
“அதைச் சீனியம்மா நெத்துக்கு விட்டிருக்கு.
யாரும் தொடலை.”

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது.
கப்பலூர் தாண்டும்போது
மறந்துபோய்க் கண்ணைக் கசக்கிவிட்டேன்.
மதுரை வரும்வரை வழிந்துகொண்டே இருந்தது.
பக்கத்து இருக்கைக்காரர் விசாரித்தார், யாரும் தவறிட்டாங்களா என்று.
இல்லை என்றேன்.
எந்த ரகம் என்று
கண்ணுக்குத் தெரிந்திருக்கலாம்.
நான் பன்னிரண்டு பாத்தியையும் தொட்டிருந்தேன்.