பயனர் ஆறு

புளியரை சோதனைச் சாவடிக்குக் கொஞ்சம் முன்னால்
காய்கறி கமிஷன் மண்டியின் மாடியில்
எனக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி.
விதி எளியது: பின்னால் உட்கார், பார், பேசாதே.
மடியில் படிவம். அதில் அவள் "பயனர் ஆறு".
செய்யதலி பாத்திமா என்று எழுத
கட்டம் எதுவும் இல்லை.

கீழே முருங்கைக்காய் ஏறுகிறது.
தன்னைவிட அகலமாய் வைக்கோல் சுமந்த லாரி
ஆரியங்காவு ஏற்றத்தை நினைத்து
மூச்சு வாங்கி நிற்கிறது.

சுவரில் இரண்டு காலண்டர்கள்.
தென்காசி ஜவுளிக்கடை கொடுத்ததில் ஆவணி,
புனலூர் நகைக்கடை கொடுத்ததில் சிங்ஙம்.
ஒரே மாதம்தான்; விடுமுறைகள்தான் வேறு.
திரையில் எங்கள் நாட்காட்டிக்குத் தெரிந்ததோ
டில்லி சொன்ன சிவப்பு நாட்கள் மட்டும்.
அதனால் உத்திராடத்தை அவள்
துண்டுத்தாளில் எழுதி
திரையின் வலது கீழ்மூலையில் ஒட்டியிருக்கிறாள்.
அருகே ஆரியங்காவு ஷெட் எண்,
யாரோ அறிவித்த ஹர்த்தால்,
அழுகின தக்காளிக்குக் கழித்த தொகை.

எட்டுப் பொத்தான் வைத்தோம்.
அவள் தொடுவது ஒன்றை.
'பதில்' எங்கே என்று தேடாதிருக்க
கண்ணாடிமேலேயே
சிவப்பு நகச்சாயத்தில் ஒரு புள்ளி.
நகக்கண் அகலத்தில் பக்கத்திலேயே 'அழி'.
அந்த இரண்டையும் ஒட்ட வைத்தது யார்
என்று அவள் கேட்கவில்லை.
நானும் பேசக்கூடாது.

புனலூர் சாஜனின் அஞ்சல் வருகிறது.
திரையைப் பார்க்காமல், சாவியைப் பார்த்துத்
தட்டுகிறாள்:
40 மூட்டை முருங்கை, இன்று ராத்திரி.

அப்போது எழுகிறது பெட்டி,
திரையின் நட்டநடுவில், மென்நிழலோடு:
"வரி தாக்கல். நினைவூட்டல்.
எத்தனை நாள் தள்ளிவைக்க?"

அந்த 40 பெட்டிக்குள் விழுந்தது.
பெட்டி நன்றி சொல்லி மறைந்தது.
மிச்சம் மட்டும் மலையேறிப் போனது:
மூட்டை முருங்கை, இன்று ராத்திரி.

எனக்குத் தெரியும் அந்தப் பெட்டியை.
சிறுசேரியில் ஏழாம் மாடியில் நான் வரைந்தது.
நிழல் எத்தனை புள்ளி என்று
இரண்டு வாரம் சண்டை போட்டோம்.
"நடுவில் வந்தால்தான் கவனிப்பார்கள்" என்றேன்,
எல்லோரும் தலையாட்டினார்கள், டீ வந்தது.
அந்த நேரம் ஒருத்தி
தட்டிக்கொண்டிருப்பாள் என்று
யாருக்கும் தோன்றவில்லை.

ஃபோன் அடிக்கிறது. "எத்ற சாக்கு, பாத்திமா?"
"நாப்பது, சாஜன் சேட்டா, நாப்பது!"
சிகரெட் அட்டையின் பின்பக்கம் பேனாவால் குறித்தாள்.
அது ஒருமுறையும் பிசகியதில்லை.

படிவத்தில் எழுதினேன்: 41 விநாடி. பயனர் பிழை.
பிறகு முதல் சொல்லை மட்டும் அடித்தேன்.

திரும்பிப் பார்த்தாள்.
"என்னமோ எழுதுதியளே, நான் தப்பா அமுக்கிட்டனோ?"
தலையசைத்தேன். ஆமென்றா இல்லையென்றா
எனக்கே விளங்கவில்லை.
வரி தாக்கல் நாற்பது நாள் தள்ளிப்போனதை
வாசல் தாண்டி, விதி முடிந்தபிறகு,
படிக்கட்டில் நின்று சொன்னேன்.

கார்த்திகையில் புதிய பதிப்பு.
பெட்டியை நடுவிலிருந்து விரட்டி
வலது கீழ்மூலையில் உட்காரவைத்தேன்.
'பதிலை' வலப்பக்கம் தள்ளினேன்,
'அழி'யைத் தனியே தூரமாய், இடப்பக்கம்.
கூட்டத்தில் கை தட்டினார்கள்.

மறுநாள் காலை அழைப்பு. பின்னால் லாரி ஹாரன்.
"பொட்டி வருதாம்லா, சத்தம் மட்டும் கேக்கு.
என் தாளுக்கு அடியில கெடக்கு.
அப்புறம் சார், புள்ளி நின்ன எடத்துலயே நிக்கி.
அதுக்குக் கீழ இப்ப 'அழி' வந்து நிக்கி.
சாஜன் சேட்டன் லெட்டர் மூணு போயிட்டு."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"இருக்கட்டும், சொரண்டிட்டேன்.
புதுசா வச்சிருக்கேன், வலது பக்கம்.
ஒண்ணே ஒண்ணு கேக்கேன்:
சாயம் காயுததுக்குள்ள
அடுத்தது வந்துராதுல்லா?"