பத்தேகால் மணிக்கு என் பெயர்

சாட்ஸ்வொர்த் மேட்டில் தகன மண்டபம்.
வாசல் சுவரில் ஒரு பழைய டிவி:
அன்றன்றைய பெயர்கள், அறை எண், நேரம்.
வேறெதுவும் அதில் தெரியக் கூடாது
என்று சொல்லியிருந்தார் பூபாலன் செட்டி.
போன மாதம் எவனோ மவுஸைத் தட்ட
ஒரு தாயாரின் பெயருக்கு மேல்
சீட்டாட்டம் விரிந்துவிட்டதாம்.

ஆகவே விண்டோஸின் ஷெல்லைக் கழற்றினேன்.
பட்டை இல்லை, பொத்தான் இல்லை, நீலப் பின்னணி இல்லை.
ரெஜிஸ்ட்ரியில் ஒரே வரி மாற்றம்.
இனி கணினி எழுந்தால்
நான் எழுதிய நிரல் மட்டும் எழும்.

எழுந்தது.
கறுப்பு. நடுவே சாம்பல் நிறப் பெட்டி.
கிராஃபிக்ஸைத் தொடங்க முடியவில்லை.
கீழே, சரி என்று ஒரு பொத்தான்.
எதற்கென்று தெரியாமல் சரி என்றேன்.
பெட்டியும் போய்விட்டது.

முதலில் டிரைவரைத்தான் திட்டினேன், எல்லாரையும் போல.
புதியது போட்டேன். அதைத் தூக்கிவிட்டுப் பழையது போட்டேன்.
பழைய ஷெல்லைத் திரும்பக் கூப்பிட்டு
அதன் கையால் திறந்தால் மட்டும்
அதே நிரல் சமர்த்தாக ஓடுகிறது.

எட்டு மணிக்கு லோட் ஷெட்டிங்.
காவலுக்கிருந்த ம்லுங்கிசி மெழுகுவர்த்தி ஏற்றவில்லை.
இங்கே ஏற்றினால் அர்த்தம் மாறிவிடும் என்றான்.
கைப்பேசி வெளிச்சத்தில் ரூய்போஸ் குடித்தோம்.
இருட்டில்தான் பிடிபட்டது.

ஷெல் என்பது வெறும் முகம் என்றிருந்தேன்.
யாரும் கேட்காமலே அது இத்தனை நாளும்
ஒவ்வொரு நிரலையும் அதனதன் கோப்புறை வாசலில்
இறக்கிவிட்டுப் போயிருக்கிறது.
அதை அனுப்பியபின்
என் நிரல் சிஸ்டத்தின் கோப்புறையில் கண் விழித்து,
முன்பின் தெரியாத ஆயிரம் கோப்புகளுக்கு நடுவே
தன் ஷேடரைத் தேடி, காணாமல்,
காணோம் என்று சொல்லவும் தெரியாமல்
கிராஃபிக்ஸ் முடியவில்லை என்றிருக்கிறது,
வேலை போனதை மறைத்து
வயிற்றுவலி என்று படுத்துக்கொள்பவன் மாதிரி.

பத்தரைக்கு மின்சாரம்.
உன் கோப்புறைக்குப் போ, என்று ஒரு வரி சேர்த்தேன்.
சரியாயிற்று.
பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருக, மறுபடி கறுப்பு.
கணினிக்கு விழிக்கப் பதினோரு நொடி,
டிவிக்கு இருபது.
இல்லாத திரையின் அகலம் கேட்டால்
பூஜ்யம் என்றுதானே பதில் வரும்?
திரை விழிக்கும்வரை பொறு, என்று இன்னொரு வரி.

சோதிக்க ஒரு பெயர் வேண்டும்.
நாளைக்கு வரப்போகிறவர்களின் பெயரை வைத்து
விளையாட மனம் வரவில்லை.
தேசிகன் முனுசாமி, அறை இரண்டு, பத்தேகால்
என்று அடித்தேன்.

வந்தது. வெள்ளை எழுத்து, ஓரம் பிசிறில்லை.
ம்லுங்கிசி தொப்பியைக் கழற்றப் போய்
பாதியில் நிறுத்திக்கொண்டான்.
எடுத்துவிடு என்றான்.
இன்னும் மூன்று தடவையாவது
அணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன்.

முதல் தடவை இருபத்திரண்டு நொடி.
இரண்டாவதும் அப்படியே.
மூன்றாவது தடவை இருபத்திநான்கு ஆகியும் கறுப்பு.
வா என்று நினைத்தேனா வராதே என்றா,
இப்போது ஞாபகமில்லை.
இருபத்தைந்தில் வந்தேன்.

அழித்தேன்.
விடியலில் ஹடீடாக்கள் கத்திக்கொண்டு பறக்க
முதல் கார் மேடேறியபோது
திரையில் வேறொருவர், சரியான நேரத்தோடு.

பில்லில் எழுதினேன்:
ஷெல் மாற்றம், ஒன்று.
காத்திருக்கச் சொல்லிக் கொடுத்தது, ஒரு வரி.
அந்த ஒரு வரிக்கு எதற்குக் காசு
என்று கேட்டார் பூபாலன் செட்டி.