ஒரு யூரோ குத்தகை

டிசம்பர் வெள்ளிக்கிழமை. ரீகாவில்
இரண்டரைக்கே தெருவிளக்கு எரிந்துவிட்டது.
இரவுக்காரி நான், அன்று பகலும் என் தலையில்.
ஈரத் தொப்பியோடு மேசை முன் வந்து நின்றார் மெனாஷே,
பதினோரு அறைகளை முன்பதிவு செய்தவர்.
"இந்த விடுதியை வாடகைக்குத் தருவீர்களா?
நாளை இருட்டும் வரை. ஒரு யூரோ."

காது சரியில்லையோ என்று மறுபடி கேட்டேன்.
அதையேதான் சொன்னார்.
தாழ்வாரம், மாடிப்படி, கூடம், இந்த மேசை வரை.
முதலாளி வர வேண்டியதில்லையாம்,
அவரிடம் சம்பளம் வாங்கும் ஒரு கை போதுமாம்.

இரண்டாவது துவாலைக்கே கையெழுத்துக் கேட்கிற முதலாளி.
நான், ஸ்கைத்ரிதே,
இரண்டு மாத வாடகை பாக்கி வைத்திருப்பவள்,
ஐந்து மாடியையும் ஒரு நாணயத்துக்குக் குத்தகை விட்டேன்.

மச்சினர் ஸெலிக்குக்குப் பொறுக்கவில்லை.
"கட்டில் யாருடையது? இஸ்திரிப்பெட்டி யாருடையது?
ஒவ்வோர் அறையிலும் அவன் சாமான்.
நாமெல்லாம் அவன் வீட்டு விருந்தாளிகள்.
ஒரே வீட்டுக்குள் எதைத் தூக்கிப் போனால் என்ன?"
"விருந்தாளிக்கு எவன் பில் நீட்டுவான்?"
கால்மணி நேரம்,
பாதி எனக்குத் தெரியாத மொழியில்,
கட்டைவிரலால் காற்றைக் குடைந்தபடி.
கடைசியில் ஒப்பந்தம்:
செய்துவிடுவோம், ஆசிமொழி மட்டும் சொல்ல வேண்டாம்.

புளிக்காத ரொட்டி ஒரு பெட்டி.
ஸெலிக்கே அதைக் கையகல உயரம் தூக்கினார்,
எல்லோர் பெயராலும்,
தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தையின் பெயராலும்.
தொலைந்த பொருட்களின் அலமாரியில்
ஒற்றைக் கையுறைகளுக்கும்
யாரோ விட்டுப்போன பல்செட்டுக்கும் நடுவே வைத்தேன்.
பதினோரு அறையும் ஒரு வீடாயிற்று.

அன்றிரவு தாழ்வாரத்தில் சந்தைக் கூட்டம்.
பால் புட்டி போனது, மூக்குக் கண்ணாடி வந்தது,
சதுரங்கப் பலகை, ஒரு தட்டு மீன்.
குழந்தை நான்கு அறைகளில் கைமாறியது.
"என் கதவு மூடிக் கிடக்கிறது" என்றார் பெரல் அம்மையார்,
மழை பெய்கிறது என்பதுபோல.
திறக்கச் சொல்லவில்லை. செய்தி சொன்னார், அவ்வளவுதான்.
லிப்டில் ஏறமாட்டார் என்பதால்
நானும் என் அட்டையோடு ஐந்து மாடி நடந்தேன்.

காலையில் வாசல்.
வீடு அங்கே முடிகிறது.
தொழுகைச் சால்வையைத் தோளில் போர்த்தி, அதன்மேல் கோட்டு.
பைகளைக் கவிழ்த்தார்கள் என் மேசையில்:
கைக்குட்டை, அறை அட்டை, பாதாம் இரண்டு.
ஸெலிக் வாயிலிருந்த இருமல் மிட்டாயையும்
கடகடவென மென்று விழுங்கிவிட்டுத்தான்
படி தாண்டினார்.

ஹின்டா மட்டும் போகவில்லை.
"குழந்தையும் சுமையா?" என்று கேட்டேன்.
"நடக்கத் தெரியாத வரை."
கோபமில்லை குரலில். கொஞ்சம் தூக்கம் இருந்தது.
கண்ணாடிக்கு அப்பால் பனியில்
அத்தனை பேரும் வெறுங்கையோடு போனார்கள்.
பிடிப்பதற்கு ஒன்றுமில்லாத கைகள்
என்ன செய்வதென்று தெரியாமல்
முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.
அவள் குழந்தையைக் கீழே இறக்கி
சோபாவின் விளிம்பில் நிற்க வைத்துப் பார்த்தாள்.
நின்றது. விழுந்தது.
மறுபடி நிற்க வைத்தாள்.

என் முறை முடிந்ததும் நானும் கிளம்பினேன்:
செல்பேசி, சாவிக்கொத்து, அம்மாவின் மாத்திரை,
சூடாக்கி பழுதுபார்த்த ரசீது, குடை.
அந்த வாசலை நான் அதுவரை
இடது தோளால்தான் தள்ளித் திறந்திருக்கிறேன்.

திங்களன்று கல்லாவில் ஒரு யூரோ கூடுதல்.
எந்தத் தலைப்பு என்றார் கணக்கர்.
'தாழ்வாரம், ஒரு நாள்' என்று எழுதிக் கொடுத்தேன்.

ரொட்டிப் பெட்டியை மறந்துபோய்விட்டார்கள்.
முப்பது நாள் யாரும் கேட்டு வராததை
ஊழியர் எடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் சட்டம்.
இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.