மூன்றாம் எண் சன்னல்

எர்ஸூரும் நகரத்து ஜனவரியில்
மூக்கு இருக்கிறதா என்று
தொட்டுப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.
அந்த மூக்கோடு வந்து நிற்கிறார்கள் என் சன்னலில்,
கணினிப் பொறியியல் முதுநிலை கேட்டு.

நான் நெஜ்மி. சேர்க்கைப் பிரிவு.
வாயில் வருவதெல்லாம் ஒரே நாலு கேள்வி.
பட்டச் சான்று அசலா?
மதிப்பெண் பட்டியலில் முத்திரை எங்கே?
நுழைவுத் தேர்வில் ஐம்பத்தைந்து தாண்டியதா?
ஆங்கிலத் தாள் எழுதியாயிற்றா?

ஐம்பத்து நான்கு புள்ளி எட்டோடு ஒருவன் வந்தான்.
அடுத்த முறை பார்க்கலாம் தம்பி என்றேன்.
புள்ளி இரண்டு:
ரொட்டியிலிருந்து மேசையில் உதிரும் எள்ளைவிடக் கொஞ்சம்.
அன்றிரவு தூக்கம் வரவில்லை என்று எழுத ஆசைதான்.
வந்தது. நன்றாகவே வந்தது.

கடைசி நாள், மணி நாலே முக்காலுக்கு
குல்பெயாஸ் வந்தாள்.
நகக்கண்ணில் கிரீஸ்.
லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை;
பதினோரு வருடத்துக்கு முந்தைய மின்னியல் பட்டம்
கோப்புக்குள் நாலாக மடங்கிக் கிடந்தது.

பரிந்துரைக் கடிதம் இரண்டு.
ஒன்று முதலாளியுடையது:
"இவள் தொட்ட லிஃப்ட் எதுவும்
இதுவரை நடுவழியில் நின்றதில்லை."
இன்னொன்று ஏதோ மருத்துவமனை மேலாளர்.
பேராசிரியர் என்ற சொல் விதியில் இருக்கிறதா என்று
மூன்று தரம் படித்தேன்.
இல்லை.
ஒரு விதிக்கு
அதில் இல்லாததற்காக நன்றி சொன்னது
அதுதான் முதல் தடவை.

நேர்காணலில் குறிப்பெடுப்பது என் வேலை.
டெட்லாக் என்றால் என்னம்மா?

"எங்கள் கிடங்கில் ஏணி ஹிக்மெத்திடம்,
சாவி என்னிடம்.
சாவி வந்தால்தான் ஏணி என்கிறான் அவன்.
ஏணி வந்தால்தான் சாவி என்கிறேன் நான்.
பன்னிரண்டாவது மாடியில்
பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட பல் மருத்துவர் கத்துகிறார்."

தலைவர் சிரித்தார்.
பக்கத்தில் இருந்தவர் சிரிக்கவில்லை.
சரி, எப்படித் தீரும்?

"ஒருவர் கையில் இருப்பதைக் கீழே வைக்க வேண்டும் ஐயா.
அன்றைக்கு நான் வைத்தேன்.
இன்னும் கோபம் இருக்கிறது."

பிறகு சமநிலை மரங்களின் உயரம் கேட்டார்கள்.
தெரியாது என்றாள், தயங்காமல்.
படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

இடம் ஆறு. அவள் காத்திருப்பில் இரண்டாவது.
கிடைத்தாலும் நிபந்தனை உண்டு:
ஒரு வருடம் முன்தயாரிப்பு.
தரவுக் கட்டமைப்பு, இயங்குதளம், கணிதத்தில் இரண்டு தாள்,
எல்லாம் மீசை அரும்பும் பையன்களோடு ஒரே பெஞ்சில்.
"பெஞ்சு பரவாயில்லை," என்றாள்.
"ஷிஃப்டைத்தான் மாற்ற வேண்டும்."

ஒருவன் ஜெர்மனிக்குப் போய்விட்டான்.
அந்த இடத்தைக் காத்திருப்பில் முதலாவது எடுத்துக்கொண்டான்.
இன்னொருத்தி பதிவுக்கு வரவேயில்லை,
காரணமும் சொல்லவில்லை.
வெள்ளிக்கிழமை நாலு இருபதுக்கு ஃபோன் போட்டேன்.
கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல எதிரொலி.
"தண்டவாளத்தில் தொங்குகிறேன் நெஜ்மி ஐயா.
மேலே ஆள் மாட்டியிருக்கிறார்கள்.
இறக்கிவிட்டு வருகிறேன்.
ஐந்துக்கு மூடிவிடுவீர்களா?"

ஐந்துக்கு மூடிவிடுவேன் என்றேன்.
அதுதான் உண்மை.

கடைவாயில் சர்க்கரைக் கட்டியை அடக்கி
கறுப்புத் தேநீரை உறிஞ்சினேன்.
அது கரைவதற்குள் யாரும் வரவில்லை.
வெளியே பனி, படிக்கட்டை மூடிக்கொண்டிருந்தது.
நாலு ஐம்பது.
நாலு ஐம்பத்தைந்து.

எங்கள் சுவர்க் கடிகாரம்
பல வருடமாக நாலு நிமிடம் முந்தி ஓடுகிறது.
எல்லோருக்கும் தெரியும், யாரும் தொடுவதில்லை.
நான் நாற்காலியில் ஏறி
முள்ளைப் பின்னால் தள்ளினேன்,
சரியான நேரத்துக்கு.
ஒரு நிமிடம்கூட அதிகமில்லை.